மோட்டார் வண்டியும் குளிர்நீரும்: கெடா தோட்ட வரலாற்றில் ஓர் ஏடு

தோட்ட வரலாறு என்றதும் பால்மரமும் வெட்டுக்கத்தியும் நினைவுக்கு வருதல் இயல்பே. காட்டை அழித்ததும் கன்று நட்டதும் பலராலும் எழுதப்பட்டுள்ளன. ஆனால், தோட்டத்தை நகரத்தோடு இணைத்த வண்டிகளைப் பற்றியும், அவற்றின் எந்திரம் கொதித்துக் கெடாமல் காத்த கைகளைப் பற்றியும் எழுதியோர் மிகச் சிலரே.

பண்டைத் தமிழர் கடாரம் என்றழைத்த கெடா, 1909ஆம் ஆண்டின் ஆங்கில-சயாமிய உடன்படிக்கையால் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் செல்வாக்கிற்குள் வந்தது. அதனையொட்டிய ஆண்டுகளில் கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1915இல் இரயில் பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. எனினும், இரயில் நிலையத்திற்கும் தோட்டத்திற்கும் இடையே கிடந்தது செம்மண் சடக்கு. அதில் மாட்டுவண்டியின் இடத்தை மோட்டார் வண்டி மெல்ல மெல்லப் பிடித்தது. துரையின் காரை ஓட்டவும், பழுது பார்க்கவும், லோரியில் ரப்பர்த் தகடுகளை ஏற்றிச் செல்லவும் பழகியவர்களுள் தோட்டத் தமிழரும் இருந்தனர்.

மோட்டார் எந்திரம் வெப்பத்தால் வாழ்வது. அவ்வெப்பத்தாலேயே அழியவும் கூடியது. அக்கால எந்திரங்களில், எரிந்த பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கிற்கும் குறைவானதே சக்கரத்தைச் சுழற்றியது. எஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே வெளியேற, மற்றொரு பெரும் பகுதியை நீரே சுமந்து செல்ல வேண்டியிருந்தது. கார்ல் பென்ஸ் 1886இல் உரிமம் பெற்ற வண்டியில் நீர் கொதித்து ஆவியாகியே வெப்பத்தை அகற்றியது. 1888இல் அவ்வகை வண்டியில் நெடும்பயணம் சென்ற அவர்தம் துணைவியார் பெர்த்தா, வழியெங்கும் நீர் தேடி நிரப்ப நேர்ந்தது. பின்னர் வில்லெம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை 1900ஆம் ஆண்டையொட்டி வடிவமைத்தார். அதன்பின் ஒரே நீர் மீண்டும் மீண்டும் சுற்றி வந்து, காற்றில் குளிர்ந்து பணியாற்றியது.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான ஃபோர்டு 'டி' வகைக் காரை உலகெங்கும் கண்டனர். தொடக்கத்தில் வந்த சில ஆயிரம் வண்டிகள் நீங்கலாக, அதில் நீரை உந்தும் பம்பு இல்லை. சூடேறிய நீர் இலேசாகி ரேடியேட்டரின் மேற்பகுதிக்கு ஏறும்; குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கி எந்திரத்தை அடையும். ஆஸ்டின் செவனும், 1948இல் வெளிவந்த மோரிஸ் மைனரின் தொடக்க கால வண்டிகளும் இம்முறையையே கையாண்டன.

இம்முறை எளியது, ஆயினும் கவனத்தை வேண்டுவது. நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் சுற்றோட்டம் நின்றுவிடும். அடியில் நீர் நிறைந்திருந்தும் எந்திரம் கொதிக்கும். ஆகவே, புறப்படுமுன் மூடியைத் திறந்து பார்ப்பதும், தகரத்தில் நீர் கொண்டு செல்வதும் ஓட்டுநரின் கடமையாயின.

நீர் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். அலோர் ஸ்டார் அருகிலுள்ள குனோங் கெரியாங்கும் பாலிங் குன்றுகளும் சுண்ணாம்புப் பாறைகளாலானவை. அத்தகைய நிலத்துக் கிணற்றுநீர் கொதிக்கும் பாத்திரத்தில் வெண்படிவம் விடுவது போலவே எந்திரத்தின் உட்சுவரிலும் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். மழைநீரில் அக்குறை இல்லை. செம்மண் தூசியும் பூச்சிகளும் அடைத்துக்கொண்டால் ரேடியேட்டரின் ஊடே காற்றுப் புகாது. எந்திரத்தின் பக்கமிருந்து முன்புறமாக நீர் பாய்ச்சிக் கழுவினால் அடைப்பு வந்த வழியே திரும்பும்.

குற்றம் எப்போதும் ரேடியேட்டரினுடையதன்று. 'டி' காரின் சுக்கான் சக்கரத்தடியில் தீப்பொறியின் நேரத்தை மாற்றும் கைப்பிடி ஒன்றுண்டு. பொறி தாமதித்தால் பெட்ரோல் பிந்தி எரிந்து எந்திரத்தை வாட்டும். பாலிங்கிலிருந்து குரோவை நோக்கி மேடேறும் வண்டியில் பொறியையும் வேகத்தையும் சரிவரப் பொருத்தத் தெரியாதவன் எத்துணை நீர் ஊற்றியும் பயனில்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பர். மூடியில் ஆவி சீறுமுன்னரே எந்திரத்தின் ஓசை மாறும், இழுவை தளரும். அதனை உணர்ந்து நிழலில் நிறுத்துபவனே தேர்ந்த ஓட்டுநன். கொதிக்கும் எந்திரத்தில் பதற்றத்துடன் குளிர்நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். பொறுமையும் அத்தொழிலின் ஒரு கருவியே.

பழைய கார்களைப் பேணுவோர்க்கு இன்றும் இவையே அடிப்படை. புதிய வண்டிகளில் அழுத்தமூடி நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. அம்மூடியைப் பழைய பித்தளை ரேடியேட்டரில் பொருத்தினால் ஈயப்பற்று விட்டு ஒழுகக்கூடும். பழையதைக் காப்பவர் முதலில் அதன் இயல்பை அறிதல் வேண்டும்.

கெடாவில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்ட வரலாற்றில் பயிர்ப்பரப்பும் துரைமாரின் பெயர்களும் இடம்பெறுகின்றன. எந்திரத்தின் ஓசை கேட்டு அதன் நோயறிந்த ஓட்டுநரின் பெயரோ அரிதாகவே காணப்படுகிறது. ஏட்டில் வெப்பச் சலனம் என்று மாணவர் படிப்பதை அவர் நாள்தோறும் கையாண்டார். அவ்வறிவும் கல்வியே. அதனை அறிந்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்களை மாணவர்கள் தேடிச் சென்று, கேட்டு, பெயரோடு எழுதிவைத்தல் வேண்டும். அதற்குரிய காலம் நீண்டதன்று.