கம்பிக்காரரின் பெயர்

என்னுடைய பேஸ் கிற்றாரின் தலைப்பகுதியில் 'ஸ்குவையர்' என்று எழுதியிருக்கும். மூன்றாவது கையாக என்னட்ட வந்தது. எனக்கு முதல் வைத்திருந்தவர் அதைத் தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்தவர். அவருக்கு முதல் யார் வைத்திருந்தது என்று அவருக்கே தெரியாது. எங்கட சின்ன பாண்டில் அதை முதன்முதலாக அம்ப்பில் கொழுவி வாசித்த அன்று ட்ரம்ஸ் வாசிக்கிறவன் சொன்னான்: "மச்சான், நீ வாசிக்கிறது தெரியுது, ஆனா கேக்கேல்ல." இன்னொருத்தன், "ஸ்குவையர் எண்டா ஃபெண்டரின்ர மலிவுச் சரக்கு. காசு சேர்த்து நல்லது ஒண்டு வாங்கு" என்றான்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியிருந்த நேரம் அது. நல்லது ஒன்று வாங்குவதாவது! ஆனால் அந்த 'மலிவுச் சரக்கு' என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன். தேடினால், ஸ்குவையர் என்பது முதலில் கிற்றாரின் பெயரே இல்லை. கம்பியின் பெயர்.

விக்டர் கரோல் ஸ்குவையர் என்பவர் வயலின் செய்கிறவர். அவருடைய தகப்பனும் அதே தொழில்தான். 1890இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பட்டில் கிறீக் என்ற ஊரில் தொழிலைத் தொடங்கினார் (நாங்கள் சாப்பிடுகிற கெலொக்ஸ் கோர்ன் ஃப்ளேக்ஸும் பிறந்தது அதே ஊரில்தான்). வயலின் கம்பியில் பெயர் எடுத்த அந்தக் கொம்பனி, பிறகு மின்கிற்றார் கம்பிகளும் செய்தது. கலிபோர்னியாவில் இருந்த ஃபெண்டர் கொம்பனி தன்னுடைய கிற்றார்களுக்கு அவர்களிடம் கம்பி வாங்கியது. 1965இல் ஃபெண்டர் ஸ்குவையரை மொத்தமாகவே வாங்கிவிட்டது. அதே வருடம் ஃபெண்டரை சீபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனம் 13 மில்லியன் டொலருக்கு வாங்கியது. பெரிய மீன், சின்ன மீன் கதை. கொஞ்சக் காலத்தில் ஸ்குவையர் என்ற பெயர் மூலையில் போய்ப் படுத்துவிட்டது.

1970களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் ஃபெண்டர் கிற்றார்களைப் பார்த்து அச்சொட்டாகச் செய்யத் தொடங்கின. குறைந்த விலை, நல்ல வேலைப்பாடு. அதைத் தடுக்க முடியாமல், 1982இல் ஃபெண்டர் ஜப்பானிலேயே தயாரிக்கத் தொடங்கியது. அந்த விலை குறைந்த கிற்றார்களுக்கு வைக்க ஒரு பெயர் தேவைப்பட்டபோது, மூலையில் கிடந்த கம்பிக்காரரின் பெயரைத் தூசு தட்டி எடுத்தார்கள். ஆக, என்னுடைய மலிவு பேஸின் தலையில் இருப்பது ஒரு கம்பி செய்தவரின் பெயர். அதன் பிரச்சினையும் கம்பியில்தான் இருந்தது. அது எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நாள் எடுத்தது.

இனி, பேஸ் கிற்றாரே எப்படி வந்தது என்று பார்ப்போம். 1930களின் நடுப்பகுதியிலேயே சியாட்டிலில் போல் டட்மார்க் என்பவர் ஃபிரெட் வைத்த மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றிருக்கிறார். ஆனால் அது பரவவில்லை. பரவியது 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த 'பிறெசிஷன் பேஸ்'. அதற்கு முதல் பேஸ் என்றால் ஆளுயர வயலின் மாதிரியான டபுள் பேஸ்தான். அதைக் காரில் ஏற்ற முடியாது. ஏற்றினால் ஆட்கள் ஏற முடியாது. மேடையில் மின்கிற்றாரும் ட்ரம்ஸும் சேர்ந்து அடித்தால் அதன் சத்தம் அமுங்கிப்போகும். அதில் ஃபிரெட் இல்லாததால் சுருதி விலகாமல் வாசிக்கப் பல வருடப் பழக்கம் வேண்டும். ஃபிரெட் வைத்தால் சுருதி துல்லியமாக இருக்கும் என்பதால்தான் 'பிறெசிஷன்' என்ற பெயர்.

இதில் எனக்குப் பிடித்த விசயம், லியோ ஃபெண்டருக்குக் கிற்றார் வாசிக்கவே தெரியாது. அவர் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் றேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர். றேடியோ திருத்துகிற ஆள் எப்படி யோசிப்பார்? எது பழுதாகும், அதை எப்படிச் சுகமாகக் கழற்றி மாற்றலாம் என்றுதான். அதனால்தான் அவருடைய கிற்றாரில் கழுத்துக்கூட ஒட்டப்படவில்லை, ஸ்க்ரூ போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. பிக்கப்பும் அப்படித்தான். இந்தச் சாமானைக் கழற்றி மாற்றுவது அதைக் கெடுக்கிற வேலை என்று சொல்பவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது. கழற்றுவதற்காகவே செய்த சாமான் அது.

பிக்கப் என்பது சின்ன விசயம்தான். காந்தங்களைச் சுற்றி, தலைமயிர் மாதிரி மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே இருக்கிற இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் குழம்பும். செப்புச் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831இல் ஃபரடே கண்டுபிடித்ததும் இதே மின்தூண்டல்தான். மேல் வகுப்பில் பௌதிகம் படித்த ஆட்களுக்குப் பரீட்சையோடு மறந்துபோனது.

1951 பேஸில் இருந்தது ஒற்றைச் சுருள். அதற்கு ஒரு வியாதி: வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எங்கட நாட்டில் அது 50 ஹேர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று முனகும். 1957இல் ஃபெண்டர் அந்தச் சுருளை இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதி தடித்த இரண்டு கம்பிகளுக்கு, மறுபாதி மெல்லிய இரண்டு கம்பிகளுக்கு. இரண்டு பாதிகளின் காந்தமும் சுற்றும் எதிரெதிரானவை. அதனால் இரைச்சல் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், கம்பியின் ஒலி மட்டும் மிஞ்சும். இன்று உலகத்தில் விற்கிற மலிவு பேஸ்களில் பாதி மேலே பாதி கீழே என்று இரண்டு துண்டாக இருக்கிற பிக்கப்பைப் பார்த்தால், அது 1957இன் அதே யோசனைதான். வித்தியாசம் உள்ளே இருக்கும். பழையதில் ஒவ்வொரு தூணும் அல்னிக்கோ காந்தம். மலிவானதில் பலவேளை தூண்கள் வெறும் இரும்பு, அடியில் ஒரு செரமிக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். செரமிக் என்றால் கூடாது என்று அர்த்தமில்லை. ஆனால் ஒலி கொஞ்சம் கறாராக வரும்.

கம்பிகளின் கதை இதைவிடச் சுவாரசியம். அந்தக் காலத்துப் பேஸ் கம்பிகள் ஃபிளாட்வவுண்ட். அதாவது, நடுக்கம்பியின்மேல் தட்டையான நாடாபோல உலோகத்தைச் சுற்றியிருப்பார்கள். தடவினால் வழுவழுப்பு. ஒலி மொத்தமாக, டபுள் பேஸுக்குக் கிட்டவாக இருக்கும்.

டெட்ரொய்ட் நகரத்தில் மோட்டவுன் கொம்பனியின் பாட்டுகளுக்கு 1960களில் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவரிடம் 1962ஆம் ஆண்டுப் பிறெசிஷன் பேஸ் ஒன்று இருந்தது. அதில் தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றாலேயே வாசிப்பார். பிரிட்ஜ் மூடிக்குள் ஒரு துண்டு ஸ்பொஞ், ஒலி நீளாமல் அமர்த்த. அழுக்கும் வியர்வையும் ஏறிய அந்தக் கம்பிகள்தான் அரைவாசி அமெரிக்காவை ஆடவைத்தன. ஆனால் 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஒன்' வரும்வரை மோட்டவுன் இசைத்தட்டு எதிலும் அவருடைய பெயர் போடப்படவில்லை. 1983இல் அவர் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னம் அந்த பேஸ் களவுபோனது. இன்னும் கிடைக்கவில்லை.

கடலுக்கு அந்தப்பக்கம், லண்டனில், நேரெதிரான ஆள் ஒருவர். 'தி ஹூ' குழுவின் ஜோன் என்ட்விசில். அவருக்குப் பியானோ மாதிரிக் கணீர் என்ற ஒலி வேண்டும். 1965இல் 'மை ஜெனரேஷன்' பாட்டில் பேஸ் தனியாவர்த்தனம் வாசிக்க, மெல்லிய கம்பி போட்ட டேனலெக்ட்ரோ கிற்றார் ஒன்றை வாங்கினார். கம்பி அறுந்தது. லண்டனில் அந்தக் கம்பி தனியாக விற்பனைக்கு இல்லை. என்ன செய்தார்? ஒரு கம்பிக்காக இன்னொரு புதுக் கிற்றாரே வாங்கினார். அதுவும் அறுந்து, மறுபடியும் வாங்கியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கம்பி கிடைக்காமல் தவிக்கிறது எங்கட ஊருக்கு மட்டும் வந்த சாபம் இல்லைப் பாருங்கோ. 1966இல் அவர் ரோட்டோசவுண்ட் என்ற ஆங்கிலேயக் கம்பிக் கொம்பனிக்குப் போய், ஜேம்ஸ் ஹவ் என்ற அதன் உரிமையாளரோடு இருந்து தனக்கு வேண்டிய மாதிரிக் கம்பி செய்வித்தார். அது ரவுண்ட்வவுண்ட், உருண்டைக் கம்பியால் சுற்றியது. ரொக் இசையில் பேஸ் பின்னாலிருந்து முன்னுக்கு வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் இதை ஒரு விதியாக எடுக்க வேண்டாம். அயன் மெய்டனின் ஸ்டீவ் ஹரிஸ் அவ்வளவு வேக மெட்டல் வாசிப்பதும் ஃபிளாட்வவுண்டில்தான்.

பிக்கப்பை வேறாக வாங்கி மாட்டுகிற வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. சீபிஎஸ் காலத்து ஃபெண்டர்களில் வேலைப்பாடு குறைந்துவிட்டது என்று வாசிப்பவர்கள் முணுமுணுத்தார்கள். நியூயோர்க்கில் லாரி டிமார்சியோ 1970களின் தொடக்கத்தில் கையால் பிக்கப் சுற்றி விற்றார். 1976இல் சீமோர் டங்கன் கலிபோர்னியாவில் கொம்பனி தொடங்கினார். ஃபெண்டர் வைத்த அதே அளவு, அதே ஸ்க்ரூ ஓட்டை. கழற்று, மாட்டு. றேடியோக்காரரின் யோசனை இருபத்தைந்து வருடம் கழித்துப் பலன் தந்தது.

இதையெல்லாம் வாசித்த பிறகுதான் என்னுடைய பேஸை ஒழுங்காகப் பார்த்தேன். கம்பிகள் துருவேறிய ரவுண்ட்வவுண்ட். ரவுண்ட்வவுண்ட் பழசானால் அதன் கணீர் போய்விடும், ஃபிளாட்வவுண்டின் கனமும் வராது. இரண்டும் கெட்டான். முதலில் காசில்லாதவர்களின் வைத்தியம் பார்த்தேன்: கம்பிகளைக் கழற்றிப் பத்து நிமிடம் தண்ணீரில் அவித்தேன். சுற்றுக்குள் இருந்த ஊத்தை கரைந்து வந்தது. "சோத்துப் பானைக்குள்ள என்னடா அவிக்கிறாய்?" என்று அம்மா ஏசினா. இரண்டு கிழமைக்கு ஒலி உயிரோடு இருந்தது, பிறகு செத்தது. கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு நண்பன் மூலம் 45-105 அளவில் புது நிக்கல் கம்பி எடுப்பித்தேன். மாட்டிய அன்றே ட்ரம்ஸ்காரன் திரும்பிப் பார்த்தான். பிக்கப்பின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி, கம்பிக்கு அருகே உயர்த்தியது இன்னொரு மாற்றம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. மிக அருகே கொண்டுபோனால் காந்தம் கம்பியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும், அதையும் பட்டுத்தான் படித்தேன்.

பிக்கப் மாற்றியது ஒரு வருடம் கழித்து, வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவரின் பெட்டிக்குள் அல்னிக்கோ சோடி ஒன்று வந்த பிறகு. எனக்கு சோல்டர் பிடிக்கத் தெரியாது. எங்கட ஊர் றேடியோ திருத்துகிற அண்ணையிடம் கொண்டுபோனேன். கிற்றாரின் உள்ளே அவர் முன்னம் எட்டிப் பார்த்ததே இல்லை. திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இதுக்குள்ள ஒண்டும் இல்லையே. பழைய றேடியோக் கொயில் மாதிரித்தானே கிடக்கு."

கால் மணித்தியால வேலை. ஒலி மாறியதா என்றால், மாறியது. ஆனால் கம்பி மாற்றியபோது வந்த வித்தியாசத்தின் கால்வாசிகூட இல்லை. முதலில் பிக்கப் வாங்கியிருந்தால் துருப்பிடித்த கம்பியின் சத்தத்தை இன்னும் தெளிவாகக் கேட்டிருப்பேன், அவ்வளவுதான்.

கழற்றிய பழைய செரமிக் பிக்கப்பை ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு வைத்திருந்தேன். போன மாதம் பக்கத்து ஊர்ப் பெடியன் ஒருத்தன் வந்து கேட்டான். அவன்ர பேஸில் பிக்கப்பின் ஒரு பாதி செத்துப்போச்சாம். கொடுத்தேன். கம்பியும் புதுசா மாத்து எண்டு சொல்லி விட்டனான்.