நாய்களில் தசை வளர்ப்பு

நாயின் உடலில் கொழுப்பு ஏறாமல், தசையின் பருமனையும் வலுவையும் கூட்டுவதற்காகப் பல வாரங்கள் தொடர்ந்து தரப்படும் பயிற்சி, உணவு, ஓய்வு ஆகியவை சேர்ந்ததே தசை வளர்ப்பு. பந்தய நாய், பனியில் வண்டி இழுக்கும் நாய், காவல்துறையின் மோப்ப நாய், அறுவைக்குப் பின் தேறிவரும் வீட்டு நாய் என்று பலவற்றுக்கும் இது தேவைப்படுகிறது. தசையை உண்டாக்குவது உழைப்பு. அதற்கான மூலப்பொருளை உணவு தருகிறது. எந்த அளவுக்கு வளரலாம் என்ற எல்லையைப் பரம்பரை வகுக்கிறது. உழைக்காத நாய்க்கு எவ்வளவு இறைச்சி போட்டாலும் மிச்சம் கொழுப்பாகத்தான் சேரும். நாய் வளர்ப்போர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வரிசையை மாற்றி, தட்டிலிருந்து தொடங்குவதால் நேர்பவை.

பரம்பரை வகுக்கும் எல்லை

கிரேஹவுண்டின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு தசை. மற்ற நாய்களில் அது 44 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதாக 1970களில் எடுக்கப்பட்ட உடற்கூற்று அளவீடுகள் காட்டின. இந்த வேறுபாட்டை எந்தப் பயிற்சியாலும் ஈடுகட்ட முடியாது. நாய்களின் தசையில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்கும் இழைகளும், விரைந்து சுருங்கும் இழைகளும் கலந்திருக்கின்றன. கிரேஹவுண்டில் விரைவு இழைகள் மிகுதி. நாயினத்துக்கே உரிய சிறப்பு ஒன்று உண்டு: அதன் விரைவு இழைகள்கூட உயிர்வளியைப் பயன்படுத்தி ஆற்றல் பெறுவதில் திறன் மிக்கவை. பூனை சீக்கிரம் களைப்பதும் நாய் மணிக்கணக்கில் ஓடுவதும் இதனோடு தொடர்புடையவை.

பரம்பரையின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு விப்பெட் இனமே தெளிவான சான்று. தசை அளவுக்கு மீறி வளராமல் தடுக்கும் மையோஸ்டேடின் என்ற புரதத்துக்கான மரபணுவில் இரண்டே எழுத்துகள் விடுபட்டுப்போன விப்பெட்டுகள் இருப்பதை 2007இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் குறையைப் பெற்ற குட்டி, எந்தப் பயிற்சியும் இல்லாமலே கழுத்தும் தொடையும் புடைத்து மல்லனைப் போல வளர்கிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றது சற்றே கூடுதல் தசையோடு பந்தயத்தில் முன்னணியில் ஓடுகிறது. புடைத்த தசை கொண்ட நாயின் படத்தைக் காட்டி ஒரு பொடியை விற்பவர்கள், அந்த உடம்பைத் தந்தது பொடியா பிறப்பா என்று சொல்வதில்லை.

இதே காரணத்தால் இனத்துக்கு ஏற்ற உடல்வாகை அறிந்துகொள்வதும் வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் போன்ற தென்தமிழகத்து நாய்கள் விரட்டி ஓடுவதற்காக உருவானவை. ஒட்டிய வயிறும், மேலோட்டமாகத் தெரியும் விலா எலும்பும் சிப்பிப்பாறைக்கு நலிவின் அடையாளம் அல்ல. அதைக் கண்டு இரங்கி, சோற்றைக் குவித்துக் கொழுக்க வைப்பது அந்த நாய்க்குச் செய்யும் தீங்கு.

குட்டிப் பருவம்

நீள எலும்புகளின் இரு முனைகளிலும் வளர்ச்சித் தட்டு எனப்படும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது இங்கேதான். வளரும் எலும்பில் வலுக்குறைந்த இடமும் இதுதான். சிறிய இனங்களில் ஓராண்டுக்குள் இது எலும்பாக முற்றிவிடும். பெரிய இனங்களில் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை, மிகப் பெரிய இனங்களில் அதற்கு மேலும் ஆகலாம். மிக இளமையில் கருத்தடை செய்தால் தட்டு மூடுவது இன்னும் தள்ளிப்போகும். இது முற்றும் முன் பாரம் இழுக்க வைப்பதும், உயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் குதிக்க வைப்பதும், மிதிவண்டியோடு நெடுந்தூரம் ஓட்டுவதும் கால் கோணிப்போவதில் போய் முடியலாம்.

அதற்காகக் குட்டியைக் கட்டிப்போட வேண்டும் என்பதில்லை. நார்வேயில் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார், லியோன்பெர்கர், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்டு ஆகிய நான்கு பெரிய இனங்களில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாத வயதுக்குள் நாள்தோறும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுதலாக வந்தது. மேடுபள்ளமான மென்மையான நிலத்தில் கயிறில்லாமல் ஓடித் திரிந்த குட்டிகளுக்கோ அது குறைவாக இருந்தது. தன் விருப்பத்துக்கு ஓடி, களைத்ததும் படுத்துக்கொள்ளும் குட்டி தன் அளவைத் தானே அறிந்துகொள்கிறது.

பயிற்சி

முதலில் கால்நடை மருத்துவரிடம் இதயம், மூட்டுகள், குடற்புழு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் நாய்க்குப் பயிற்சியால் தசை வராது, சோகைதான் கூடும்.

தொடக்கம் நடையிலிருந்துதான். கயிற்றை இழுக்காமல் சீரான வேகத்தில் நடக்கும் நாய், பிறகு துள்ளுநடைக்கு வரட்டும். வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒன்றாகவும், மற்ற இரண்டும் ஒன்றாகவும் எழுந்து விழும் இந்த நடையில் உடலின் இரு பக்கமும் ஒரே அளவில் உழைக்கின்றன. ஒரு காலில் நோவிருந்தால் அது இங்கே உடனே தெரிந்துவிடும். சரிவில் ஏறுவது பின்தொடைக்கும் புட்டத்துக்கும் வேலை தரும். இறங்கும்போது முன்னங்கால்கள் தாங்குகின்றன. தசை தன் நீளம் கூடியபடியே சுமை ஏற்பதால் மறுநாள் வலிக்கும். ஆகவே ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் மெதுவாகச் செல்ல வேண்டும். நீச்சல் மூட்டுக்கு இதம். மணலில் ஓட்டம் தசைக்கு நல்லது என்றாலும் தசைநார்களை எளிதில் இழுத்துவிடும் என்பதால் பழகிய நாய்க்கு மட்டுமே ஏற்றது. உட்கார்ந்து எழுவதைச் சரியான நிலையில் பலமுறை செய்ய வைப்பது, தரையிலிருந்து கணுக்கால் உயரத்தில் வைத்த கழிகளைத் தாண்டி நடக்க வைப்பது போன்ற சாதாரணப் பயிற்சிகளுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. வாங்கி வைத்த கருவி மூலையில் கிடக்க, நாய் பருத்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம்.

பாரம் இழுத்தல் எலும்பு முற்றிய நாய்க்கு மட்டுமே. அதற்கென்று தைத்த, மார்பில் சுமை பரவும் அகன்ற வார்ப்பூட்டு வேண்டும். கழுத்துப்பட்டையில் பாரத்தைக் கட்டுவது மூச்சுக்குழாயையும் கழுத்தையும் காயப்படுத்தும். கழுத்தில் கனத்த சங்கிலியைத் தொங்கவிடுவதும் அப்படியே. பழைய நாய்ச்சண்டைக்காரர்களிடமிருந்து வந்த வழக்கங்கள் பல இன்றும் பயிற்சி என்ற பெயரில் உலவுகின்றன. விலங்குச் சண்டை பிரிட்டனில் 1835லேயே சட்டத்தால் தடுக்கப்பட்டது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்.

கடுமையான பயிற்சி வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். இடையிலுள்ள நாட்களில் நடை மட்டும். பயிற்சியின்போது தசை இழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. அது செப்பமாகி முன்னிலும் தடிப்பது ஓய்வில்தான். முதல் சில வாரங்களில் காணும் வலுக் கூடுதல் பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகிக்கொள்வதால் வருவது; பருமன் கண்ணில் படப் பின்னும் நாளாகும். தசை பெருகும் வேகத்தில் தசைநாரும் எலும்பும் உறுதிப்படுவதில்லை. நாய் தெம்பாக இருக்கிறதே என்று ஐந்தாறு வாரத்தில் சுமையை இரட்டிப்பாக்குபவர்கள் காயத்தைச் சந்திப்பது இதனால்தான். ஒரே பக்கச் சுமையும் கேடு செய்யும். ஓடுதளத்தில் எப்போதும் இடஞ்சுழியாக ஓடும் கிரேஹவுண்டுகளுக்கு வலது பின்னங்கணுக்காலின் நடு எலும்பு உடைவது பந்தய மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட காயம்.

பயிற்சி முடிந்தபின் காப்பி நிறத்தில் சிறுநீர் போனால் தசை பெருமளவில் சிதைந்து அதன் நிறமி சிறுநீரகத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வெப்பம்

நாய்க்கு வியர்வை பாதத்திலன்றி வேறெங்கும் பயன்படும் அளவில் இல்லை. மூச்சிரைத்தே அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வழியும் அடைபடும். எனவே சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கரையோர ஊர்களில் வெயில் ஏறாத நேரத்திலும் புழுக்கம் ஆபத்தானது. இயல்பில் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும் உடல் வெப்பம் கடும் ஓட்டத்தில் 41ஐத் தொடுவதுண்டு. பழகிய நாய் நிழலில் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். தணியாமல் தள்ளாடினால் உடனே உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, காற்று படும்படி செய்து, குளிர்வித்தபடியே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வண்டி தேடும் நேரத்தில் நாய் இறந்துவிடலாம். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்குக் கடும் ஓட்டப் பயிற்சியே கூடாது.

உணவு

ஓய்வில் இருக்கும் நாய்க்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதைக் கணக்கிட, அதன் எடையைக் கிலோவில் எடுத்து முக்கால் அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்குவர். 25 கிலோ நாய்க்கு இது சுமார் 780 கிலோகலோரி. வீட்டில் வளரும், கருத்தடை செய்த நாய்க்கு இதைப்போல் 1.6 மடங்கு, அதாவது சுமார் 1,250. உழைக்கும் நாய்க்கு உழைப்பைப் பொறுத்து இரண்டு முதல் ஐந்து மடங்கு. அலாஸ்காவின் கடுங்குளிரில் நாள் முழுவதும் வண்டி இழுக்கும் நாய்கள் 11,000 கிலோகலோரிக்கு மேல் செலவழிப்பது அளந்தறியப்பட்டிருக்கிறது. அது ஓய்வுத் தேவையைப்போல் பதினான்கு மடங்கு. அவற்றுக்குக் கிடைக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்து வருகிறது. அந்த உணவைப் பற்றிப் படித்துவிட்டு அடுக்குமாடி வீட்டு நாய்க்குக் கொழுப்பை அள்ளிப் போட்டால், தசைக்கு முன்னால் கணைய அழற்சி வந்து சேரும்.

தமிழ் வீடுகளில் நாய்க்குப் போடும் சோற்றைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்பது பயன் தரும். 1,250 கிலோகலோரியையும் வெறும் வெள்ளைச் சோற்றால் நிரப்ப ஏறக்குறைய ஒரு கிலோ சோறு வேண்டும். அதில் கிடைக்கும் புரதம் 26 கிராமை ஒட்டியது. வளர்ந்த நாய்க்கு அமெரிக்கத் தீவன நெறிமுறைகள் 1,000 கிலோகலோரிக்குக் குறைந்தது 45 கிராம் என்கின்றன; அதன்படி 56 கிராம் தேவை. சோறு பாதியைக்கூட எட்டவில்லை. பால் ஊற்றினால் கொஞ்சம் கூடும், ஆனால் பல வளர்ந்த நாய்களுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். தயிர் ஓரளவு ஒத்துக்கொள்ளும். 56 என்பது அந்த நெறிமுறைகளின் கீழெல்லை. தசை கட்டும் நாய்க்கு ஆற்றலில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை புரதமாக இருப்பது நல்லது. பனிவண்டி நாய்களில் 1999இல் வெளியான ஆய்வொன்றில், ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் புரதம் பெற்றவை பயிற்சிக் காலத்தில் மற்றவற்றைவிட அதிகமாகக் காயப்பட்டன. வேகவைத்த தோலில்லாக் கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம் உண்டு, ஒரு முட்டையில் 6 கிராம். மீனும் ஈரலும் நல்லவை; ஈரலில் உயிர்ச்சத்து ஏ மிகுதி என்பதால் அதைச் சிறிதளவே சேர்க்க வேண்டும். புரதம் நலமான நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பழைய அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. சிறுநீரக நோய் ஏற்கெனவே இருந்தால் கதை வேறு.

எதிர்த்திசைப் பிழை, வெறும் கறியை மட்டும் போடுவது. எலும்பில்லாத இறைச்சியில் சுண்ணாம்புச்சத்து ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் பதினைந்து, இருபது பங்கு. நாய்க்கு வேண்டியதோ இரண்டும் ஏறத்தாழ சமமாக, சுண்ணாம்பு சற்றே கூடுதலாக. கறி மட்டும் தின்னும் குட்டியின் உடல், குறையை ஈடுசெய்யத் தன் எலும்பையே கரைக்கிறது. கால் வளைகிறது, சிறு குதியிலும் முறிகிறது. இதற்குப் பயந்து சுண்ணாம்பு மாத்திரையை அள்ளிக் கொடுப்பதும் தவறு. பெரிய இனக் குட்டிகளின் குடல் மிகுதியைத் தடுக்கத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்ளும், எலும்பு வளர்ச்சி அதிலும் கெடும். வளரும் பெரிய இனக் குட்டிக்கு அதற்கென்றே தயாரித்த முழுமையான தீவனம் வீட்டுச் சமையலைவிடப் பாதுகாப்பானது. வீட்டில்தான் சமைப்போம் என்பவர்கள் கால்நடை ஊட்டச்சத்து அறிந்தவரிடம் கலவையை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

முக்கிய வேளை உணவைப் பயிற்சிக்கு நான்கு மணி நேரத்துக்கு முன்போ, முடிந்து உடல் தணிந்த பின்போ கொடுக்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள இனங்களில் இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் கேடு உயிரைப் பறிக்கும். வயிறு நிறைந்ததும் ஓட விடாதிருப்பது முன்னெச்சரிக்கை. அடுத்தடுத்த நாட்கள் கடுமையாக உழைக்கும் நாய்க்கு, வேலை முடிந்த அரை மணிக்குள் எளிதில் செரிக்கும் மாவுச்சத்தைச் சிறிது கொடுத்தால் தசையிலுள்ள கிளைக்கோஜன் விரைவில் நிரம்புகிறது. மாலையில் தெருவைச் சுற்றிவரும் நாய்க்கு அது வேண்டாம்.

வேகவைத்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நஞ்சு. மனிதருக்கான புரதப் பொடிகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்ப்பதுண்டு. அது சிறிதளவு உள்ளே போனாலே நாயின் இரத்தச் சர்க்கரையைச் சரித்து ஈரலைப் பாழாக்கும்.

ஊக்கமருந்துகள்

ஸ்டனசோலால் போன்ற ஆண்மை இயக்குநீர் வகைகளும் கிளென்பியூட்டரால் போன்றவையும் தசையைப் புடைக்க வைப்பதற்காகக் கள்ளத்தனமாகத் தரப்படுகின்றன. முதல்வகை ஈரலைக் கெடுக்கும். விதையின் இயல்பான வேலையை நிறுத்தும். குட்டிகளில் வளர்ச்சித் தட்டை முன்கூட்டியே மூடிவிடும். இரண்டாவது இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். பந்தய அமைப்புகள் சிறுநீர்ச் சோதனையில் இவற்றைத் தேடுகின்றன.

அளவிடுதல்

எடை மட்டும் எதையும் சொல்லாது, ஏறியது கொழுப்பா தசையா என்று தராசுக்குத் தெரியாது. கால்நடை மருத்துவர்கள் இரு மதிப்பீடுகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஒன்பது படிகளில் கொழுப்பை மதிப்பிடும் உடல்வாகு மதிப்பெண்: விலா கையில் எளிதில் தட்டுப்பட்டு, மேலிருந்து பார்த்தால் இடை தெரிந்தால் நான்கு அல்லது ஐந்து, அதுவே உகந்தது. மற்றது தசை மதிப்பெண்: நெற்றிப்பொட்டு, தோள்பட்டை, முதுகெலும்பின் இரு புறம், இடுப்பு ஆகியவற்றைத் தடவிப் பார்த்து, இழப்பு இல்லை, சிறிது, நடுத்தரம், கடுமை என்று குறிப்பார்கள். கொழுத்த நாயும் தசை நலிந்திருக்கலாம் என்பதால் இரண்டும் வேண்டும். மெலிந்திருப்பதன் பயனை 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கண்காணித்த ஆய்வு காட்டியது. கால் பங்கு குறைவாக உண்டவை இடைநிலை அளவில் 13 ஆண்டுகளும், மற்றவை 11.2 ஆண்டுகளும் வாழ்ந்தன. 2002இல் வந்த இந்த முடிவு, வீட்டு நாயின் தட்டை நிரப்பி வைப்பதைப் பாசம் என்று எண்ணுவோர்க்கு உவப்பாக இருக்காது.

முதிய நாய்க்குத் தசை தானாகவே குறையும். இதய, சிறுநீரக நோய்களும் புற்றும் அதை விரைவுபடுத்தும். நோயற்ற முதிய நாய்க்குப் புரதத்தைக் குறைப்பது தவறு, சற்றுக் கூட்டுவதே சரி. முழங்கால் பந்தகம் அறுந்து தைத்த நாய்க்கு நோவுற்ற தொடையின் சுற்றளவை நாடாவால் அளந்து, மற்றத் தொடையோடு ஒப்பிட்டு முன்னேற்றம் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட நாய்களை நீருக்குள் ஓடும் பட்டையில் நடக்க வைப்பதுண்டு. கணுக்கால் அளவு நீரில் காலில் விழும் எடை 91 விழுக்காடு, முழங்கால் அளவில் 85. இடுப்பு மூட்டு வரை நீர் நின்றால் 38 மட்டுமே. எனவே தொடக்கத்தில் நீரை இடுப்பு வரை வைத்து, கால் தேறத் தேற நீர்மட்டத்தை இறக்கிக்கொண்டே வருவார்கள்.