ருக்மாபாய் வழக்கும் காலத்தின் அறமும்

மும்பையில் குடியேறி வாழும் நம்மவர் பலர், கோட்டைப் பகுதியிலுள்ள உயர்நீதிமன்றக் கட்டடத்தை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அக்கட்டடம் 1878-இல் எழுந்தது. சில ஆண்டுகள் கழித்து, அந்நாளில் பம்பாய் எனப்பட்ட அந்நகரின் உயர்நீதிமன்றத்திற்கு வந்த வழக்கொன்று, அறம் காலத்தோடு மாறுவதா, என்றும் ஒன்றாய் நிற்பதா என்னும் பழைய வினாவை நாடெங்கும் எழுப்பிவிட்டது.

ருக்மாபாய் 1864-இல் பிறந்தவர். பதினோராம் வயதில் தாதாஜி பிகாஜி என்பாருக்கு மணம் செய்விக்கப்பட்டார். ஆயினும் கணவர் இல்லம் புகாமல், தாயுடனும், தாயின் இரண்டாம் கணவரும் மருத்துவருமான சகாராம் அர்ஜுனுடனும் தங்கிக் கல்வி பயின்று வந்தார். மனைவியைத் தம்முடன் வாழச் செய்யுமாறு கோரி 1884-இல் தாதாஜி வழக்குத் தொடுத்தார். அறியாப் பருவத்தில் நிகழ்ந்த மணத்தைக் காட்டி, வளர்ந்த பெண்ணொருத்தியை அவள் விரும்பாதவருடன் வாழக் கட்டாயப்படுத்துவது கொடுமை எனக் கருதிய நீதிபதி பின்ஹி, 1885-இல் அவ்வழக்கைத் தள்ளினார். மறு ஆண்டே மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு வீழ்ந்தது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், கணவருடன் செல்க, இன்றேல் ஆறு மாதம் சிறை எனத் தீர்ப்பளித்தார். சிறைக்கே செல்வதாக ருக்மாபாய் விடை கூறினார்.

சமயத்துக்கே ஆபத்து வந்துவிட்டது எனத் திலகரின் இதழ்கள் எழுதின. விடுதலைப் போரில் அவருடைய பெருமை நாம் அறிந்ததே. எனினும் இவ்விஷயத்தில் அவர் பக்கம் நிற்க நம்மால் இயலவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மனைவியைச் சேர்ந்து வாழச் செய்ய நீதிமன்றத்தை நாடும் இவ்வழக்கு முறை நம் ஸ்மிருதிகளில் பிறந்ததன்று; இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து வந்தது. பின்ஹியே இதைச் சுட்டிக் காட்டினார். அந்நாட்டிலோ, ஆணைக்கு இணங்காதவரைச் சிறையிலிடும் வழக்கம் 1884-இலேயே சட்டத்தால் நீக்கப்பட்டிருந்தது. அங்கே கைவிடப்பட்ட ஆயுதத்தை இங்கே சநாதன தர்மம் எனத் தாங்கிப் பிடித்தனர்! பழமை என்று ஒன்றைக் காக்கப் புறப்படுவோர், அதன் வயதை முதலில் விசாரித்துக்கொள்வது நன்று.

அன்றையோரை இன்றைய அளவுகோலால் அளக்கலாகாது என்று அறிஞர் சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமலில்லை. 1860-இன் தண்டனைச் சட்டம் பெண்ணின் இசைவு வயதைப் பத்தாக வைத்தது. 1889-இல் வங்கத்தில் புல்மணி என்னும் சிறுமி கணவனால் உயிரிழந்தபோது, அவ்வயதைக் கடந்திருந்தாள் என்பதால் அவன் சிறு தண்டனையோடு தப்பினான். 1891-இல் இசைவு வயது பன்னிரண்டாயிற்று. சாரதா சட்டம் 1929-இல் பெண்ணின் மணவயதைப் பதினான்காக வகுத்தது. 1978-இல் அது பதினெட்டாக உயர்ந்தது. எண்ணைக் காலமும் சமுதாயமுமே வகுக்கின்றன என்பது கண்கூடு.

ஆனால் 'அக்காலம்' ஒரே குரலில் பேசியதா? ஒரே நீதிமன்றம், ஈராண்டுக்குள் இரு விதமாகத் தீர்ப்புரைத்தது. 1885-இல் ருக்மாபாய், 'ஓர் இந்துப் பெண்' என்ற புனைபெயரில், குழந்தை மணத்தின் துயரைப் பம்பாய் ஆங்கில நாளிதழுக்குக் கடிதங்களாக எழுதினார். அது துயரம் என்றறிய அவர் அடுத்த நூற்றாண்டுக்குக் காத்திருக்கவில்லை. கொடுமை கொடுமையே என்பது அன்றும் அறியப்பட்டிருந்தது. யாருடைய சொல் சாட்சியாகக் கொள்ளப்பட்டது என்பதிலேதான் மாற்றம் நிகழ்ந்தது என நாம் கருதுகிறோம்.

1888-இல் தாதாஜி இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு உரிமையை விட்டார். ருக்மாபாய் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் நெடுங்காலம் மருத்துவப் பணி புரிந்து, 1955-இல் மறைந்தார். அதே ஆண்டு இயற்றப்பட்ட இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, சிறைத்தண்டனை நீங்கலாக, அதே வழக்கு முறையை ஏற்றது. அப்பிரிவு செல்லாது என 1983-இல் ஆந்திர உயர்நீதிமன்றம் கூறியது. செல்லும் என 1984-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.