குடவோலையும் வாக்குப் பெட்டியும்

தேர்தல் நாளன்று ஒருவர் வாக்குச் சாவடிக்குத் தாமே செல்கிறார்; தம் பெயரைக் கூறித் தாளைப் பெறுகிறார்; மறைவிடத்தில் நின்று குறியிட்டு, மடித்துப் பெட்டியில் இடுகிறார். இவையாவும் சில மணித்துளிகளில் முடிந்துவிடுகின்றன. எனினும் அந்த மறைவிடமும் அந்தப் பெட்டியும் எளிதில் வாய்த்தவை அல்ல. அவை வந்த வழியில் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. அவ்விடம் யாது என்பதை மிகைபடவும் குறைபடவும் கூறாது அறிதல் நன்று.

அகநானூற்றின் 77ஆம் பாட்டு மருதன் இளநாகனார் பாடியது. போர்க்களத்தில் வீழ்ந்த மறவரின் குடரை எருவைப் பறவை பறித்து இழுப்பதற்கு அவர் ஓர் உவமை கூறுகிறார். கயிற்றாற் பிணித்துப் பொறியிட்ட குடத்தை ஆவண மாக்கள் பொறி கண்டு அழித்து, உள்ளிருக்கும் ஓலைகளை வெளியே எடுப்பதே அவ்வுவமை. இது ஊர்த் தேர்தலைக் குறிக்கும் என்பர் அறிஞர் சிலர். ஆயினும் தேர்தல் என்னும் செய்தி பாட்டில் வெளிப்படையாக இல்லை. ஓலைகளைக் குடத்துள் இட்டுப் பொறியிட்டுக் காக்கும் வழக்கம் சங்க காலத்திலேயே இருந்தது என்ற அளவே அதனால் உறுதிப்படும்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று உத்திரமேரூரில் உள்ளது. முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், அவ்வூர்ச் சபையார் தேர்ந்தெடுப்பு விதிகளைக் கல்லில் வெட்டுவித்தனர். முதற் கல்வெட்டு வயது வரம்பை 30 முதல் 60 என வகுத்தது. இரண்டாவது அதனை 35 முதல் 70 என மாற்றியது. இரண்டே ஆண்டுகளில் தம் விதியைத் தாமே ஆராய்ந்து திருத்திய சபை அது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோரும் உட்படச் சபையார் அனைவரும் கூடினர். ஊரிலிருந்த நம்பிமாரும் ஒருவர் ஒழியாது வந்து அமர்ந்தனர். அவர்களுள் மூத்தவர் எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடித்தார். உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அக்கட்டிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கிய பின், அச்சிறுவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்று, உரக்கப் படித்தான். நம்பிமார் யாவரும் அதனையே மீண்டும் படித்தனர். இவ்வாறு வந்த 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் அமைந்தனர்.

விரலை ஏன் விரிக்க வேண்டும்? மூடிய கையில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடும். சிறுவன் எடுப்பது ஏன்? அவனுக்கு வேண்டியவரும் வேண்டாதவரும் இலர். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். முந்தைய மூன்றாண்டுகளில் பதவி வகித்தவருக்கும் இடமில்லை. அதிகாரம் ஒரு கையில் தங்கிவிடலாகாது என்ற கவலையே இவ்விதிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாகும்.

ஆயினும் குடவோலையை இக்கால வாக்குரிமையோடு ஒன்றெனக் கூறுவது பொருந்தாது. அங்கே எவரும் தம் விருப்பத்தை ஓலையில் எழுதவில்லை. திருவுளச் சீட்டே முடிவு செய்தது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். வரியிறுக்கும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவர் பெயரே குடத்துள் சென்றது. உழுதவரும் நெய்தவரும் அச்சபையில் இலர். அதன் பெருமை மக்கள் அனைவருக்கும் உரிமை தந்ததில் இல்லை. சூதுக்கு இடம் வையாத முறையை வகுத்ததில் உள்ளது.

சோழ நாட்டுச் சபை யாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துத் தீமையைத் தடுத்தது. பிற்காலத்து உலகமோ வாக்கை மறைத்து வைத்துத் தீமையைத் தடுக்கக் கற்றது. இங்கிலாந்தில் 1872 வரை வாக்காளர் மக்கள் முன்னிலையில் தம் விருப்பத்தை வாய்விட்டுக் கூறவேண்டியிருந்தது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பது நூலாகவும் அச்சிடப்பட்டது. நிலக்கிழார் பார்த்திருக்க அவர்தம் குடியானவர் எங்ஙனம் அவருக்கு எதிராக வாய் திறப்பார்? ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் 1856இலேயே மறைவு வாக்கைச் சட்டமாக்கின. இங்கிலாந்து 1872இல் அவ்வழியைப் பின்பற்றியது. அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பான்டிபிராக்ட் நகரில் நடந்த இடைத்தேர்தலே புதிய சட்டத்தின்படி அங்கு நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல்.

மறைவு வாக்கு எழுத்தறிந்தவர்க்கு எளிது. எழுத்தறியாதவர் செய்வது என்ன? தம் விருப்பத்தை மற்றொருவர் காதில் கூறினால் மறைவு எங்கே? இவ்வினாவுக்குச் சென்னை மாகாணம் கண்ட விடை வண்ணப் பெட்டி. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்கு உரியது மஞ்சட் பெட்டி. ‘மஞ்சட் பெட்டிக்கே வாக்கு’ என்னும் முழக்கம் ஊர்தோறும் ஒலித்தது. சட்டசபையின் 215 இடங்களுள் 159 அக்கட்சிக்குக் கிடைத்தன. ஆயினும் அன்று வாக்குரிமை சொத்தும் வரியும் கல்வியும் பற்றியே வழங்கப்பட்டது.

அவ்வேலி 1951–52இல் நீங்கியது. சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலில் 21 வயது நிறைந்த ஏறத்தாழ 17 கோடிப் பேர் உரிமை பெற்றனர். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் அவரது சின்னம். வாக்காளர் தாளில் எதனையும் எழுத வேண்டுவதில்லை; தாம் விரும்பிய பெட்டியில் இட்டால் போதும். எனினும், தாளைப் பெட்டியில் இடாது வெளியே கொண்டுசென்று விற்கலாம் என்னும் குறை அம்முறையில் இருந்தது. பின்னர், சின்னங்கள் அச்சிட்ட ஒரே தாளில் முத்திரை குத்தும் முறை வந்தது. 1962 பொதுத்தேர்தலில் நாட்டின் பெரும்பகுதி அதனையே கைக்கொண்டது.

முதல் தேர்தலில் நேர்ந்த ஒரு செய்தி மறக்கத்தக்கதன்று. பெண் வாக்காளர் ஏறத்தாழ 8 கோடிப் பேர். அவருள் வட மாநிலங்களைச் சேர்ந்தோர் பலர் தம் பெயரைக் கூற மறுத்தனர். இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுதச் சொல்லினர். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதனை ஏற்கவில்லை. இறுதிவரை தம் பெயரை வெளியிடாத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. உரிமை அவர்களுக்கு இருந்தது. பெயரின்றி அதனைப் பெற இயலவில்லை. ஆணையரின் முடிவு கடுமையானதே. ஆனால் சொந்தப் பெயரோடு நிற்பவரே குடிமகள் என்பதை அது நாடறியச் செய்தது.

மலாயா, சிங்கப்பூர் வரலாறும் இதனையே கூறும். சிங்கப்பூரில் 1948 மார்ச் 20ஆம் நாள் முதல் தேர்தல் நடந்தது; இடங்கள் ஆறே. பிரிட்டிஷ் பிரஜைகளே வாக்களிக்கலாம். அவர்களுள்ளும் ஏறத்தாழ 22,000 பேரே பெயரைப் பதிந்திருந்தனர். 1959 மே 30ஆம் நாள் 51 இடங்களுக்குத் தேர்தல் நடந்தபோது வாக்களிப்பது கட்டாயக் கடமையாயிற்று. மலாயாவில் 1955 ஜூலை 27ஆம் நாள் 52 இடங்களுக்கு நடந்த தேர்தலில் கூட்டணிக் கட்சி 51 இடங்களை வென்றது. வாக்காளருள் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். சீனரும் இந்தியரும் சிறு தொகையினரே. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழர் பலர்க்குக் குடியுரிமை இல்லாமையால் பட்டியலில் பெயர் இல்லை. மலேசியாவில் 2019இல் இயற்றப்பெற்ற திருத்தம் 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. அதன்பின் 18 வயதுக் குடிமக்கள் பெயர் தானாகவே பட்டியலில் சேர்கிறது.

இரு நாடுகளிலும் வாக்குச் சாவடிகள் பெரும்பாலும் பள்ளிகளிலேயே அமைகின்றன. ஆசிரியர் பலர் தேர்தல் அலுவலராகப் பணிபுரிகின்றனர். மாணவருக்குக் குடவோலையைக் கற்பிக்கும் ஆசிரியர் அதன் இரு பக்கங்களையும் காட்டுதல் வேண்டும். விரித்த ஐந்து விரல்களின் நேர்மை முன்னோர் தந்தது. அக்குடத்துள் இடம்பெறாத உழவர், நெசவாளர், பெண்டிர் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்தது பிற்காலத்தார் பெற்ற வெற்றி. இவ்விரண்டும் கூடியதே இன்றைய வாக்குப் பெட்டி.