கொல்கத்தா – அகர்தலா வான்வழி

கொல்கத்தா – அகர்தலா வான்வழி என்பது மேற்கு வங்கத்தின் தலைநகரையும் திரிபுராவின் தலைநகரையும் இணைக்கும் உள்நாட்டு விமானத் தடமாகும். இரு விமான நிலையங்களுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 317 கி.மீ.; சென்னை – திருச்சி வான்தொலைவைவிடச் சற்றே கூடுதல். ஆனால் இந்திய எல்லைக்குள்ளேயே ரயிலில் போவதானால் சுமார் 1,550 கி.மீ. சுற்ற வேண்டும். இடையில் வங்கதேசம் இருப்பதே காரணம்.

பயண நேரம்

விமான அட்டவணைகளில் பயண நேரம் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை குறிக்கப்படுகிறது. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது தொடங்கி, போய் நிற்பது வரை இதில் அடங்கும். ஜெட் விமானம் வானில் இருப்பது முக்கால் மணி நேரம் அளவே.

பாதை

டம்டமில் உள்ள நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விமான நிலையத்திலிருந்து கிழக்கு வடகிழக்காக நேர்கோடு வரைந்தால், அது ஜெசோருக்குத் தெற்கே சென்று, பத்மா பாலத்தை ஒட்டி ஆற்றைக் கடந்து, டாக்காவுக்குத் தெற்கே மேக்னா ஆற்றைத் தாண்டி அகர்தலாவை அடைகிறது. பாதையின் பெரும்பகுதி, கடிகாரம் அரை மணி நேரம் முந்தி ஓடும் அயல்நாட்டின் மேலே அமைகிறது.

வரலாறு

1947க்கு முன் கொல்கத்தாவின் சியால்தா நிலையத்திலிருந்து கோவாலந்தோ வரை ரயில், அங்கிருந்து சாந்த்பூருக்கு நீராவிப் படகு, மீண்டும் ரயிலில் அகௌரா என்பது வழக்கமான வழி. அகௌராவிலிருந்து அகர்தலா சில கி.மீ. தூரம்தான். பிரிவினை இந்த வழியைத் துண்டித்தது. 1949 அக்டோபர் 15 அன்று திரிபுரா இந்தியாவுடன் இணைந்தது. மன்னர் வீர் விக்ரம் கிஷோர் மாணிக்யாவின் முயற்சியில் 1942இல் உருவான விமானத் தளமே மாநிலத்தின் முதன்மை வாசலாயிற்று. 2018இல் அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. புதிய முனையம் 2022 ஜனவரி 4 அன்று திறக்கப்பட்டது.

மாற்று வழிகள்

அகர்தலாவுக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 2008இல். அகலப் பாதை 2016இல். கொல்கத்தாவிலிருந்து வரும் ரயில் ஃபராக்கா, நியூ ஜல்பாய்குரி, குவாஹாத்தி, லம்டிங், பதர்பூர் வழியாக வடக்கே போய்த் தெற்கே இறங்குகிறது, ஒன்றரை நாளாகும். டாக்கா வழியான சாலைத் தொலைவு சுமார் 500 கி.மீ. அவ்வழியே பேருந்துச் சேவை 2015 ஜூனில் தொடங்கியது. ஆனால் இந்தியப் பயணிக்கு விசா வேண்டும். அகர்தலா – அகௌரா ரயில் இணைப்பு 2023 நவம்பர் 1 அன்று தொடங்கிவைக்கப்பட்டது.

முக்கியத்துவம்

திரிபுராவிலிருந்து மருத்துவத்துக்கும் உயர்கல்விக்கும் கொல்கத்தா செல்வோருக்கு இத்தடம் இன்றியமையாதது. குளிர்கால மூடுபனியும் கோடையின் கால்பைசாகிப் புயல்மழையும் சேவையைத் தாமதப்படுத்துவதுண்டு. விமானம் ரத்தானால் அன்றே போய்ச்சேர எளிய மாற்று இல்லை. எனவே இத்தடத்தின் கட்டணமும் இருக்கைகளின் எண்ணிக்கையும் திரிபுரா மக்களுக்கு அன்றாட வாழ்வின் கேள்விகள்.