ஒரு ராத்தல் தானியமும் மூன்று கண்ணாடிகளும்



சென்னையில் பறக்கும் ரயிலில் போய் வருகிறவர்களுக்குப் பக்கிங்ஹாம் கால்வாயைத் தெரியாமல் இருக்காது. ரயில் தூண்களுக்கு நடுவே கறுப்பாகத் தேங்கி நிற்குமே, அதுதான். நாங்கள் நான்கு பேர் அந்த ரயிலில்தான் கல்லூரிக்குப் போய் வருவோம். ஒருவன் பொருளாதாரம், ஒருவன் இயற்பியல், ஒருத்தி தமிழ் இலக்கியம். நான் வரலாறு. ஒருநாள் இயற்பியல் நண்பன் மூக்கைப் பொத்திக்கொண்டே, "இந்தச் சாக்கடையை எவன்டா வெட்டினான்?" என்று கேட்டான்.

"பசியோடு இருந்தவர்கள் வெட்டினார்கள்" என்றேன். அன்று தொடங்கிய வாக்குவாதம்தான் இந்தக் கட்டுரை.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு. அதனால் கால்வாய்க்கு அவர் பெயர். வெட்டியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

அந்தப் பஞ்சம்தான் 'தாது வருஷப் பஞ்சம்'. 1876இல் மழை பொய்த்துத் தொடங்கி 1878 வரை நீடித்தது. சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் மாகாணம் எல்லாம் அடிபட்டன. இறந்தவர்கள் 55 லட்சம் என்று ஒரு கணக்கு. கிட்டத்தட்ட ஒரு கோடி என்று இன்னொரு கணக்கு.

சரி, இதற்கும் 'உலகைப் பார்க்கும் பார்வை'க்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. ஒரே பஞ்சத்தைப் பொருளாதாரம் ஒரு விதமாகப் பார்த்தது, அறிவியல் ஒரு விதமாகப் பார்த்தது, இலக்கியம் ஒரு விதமாகப் பார்த்தது. யார் எந்தக் கண்ணாடியைப் போட்டிருந்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரு கூலியாளுக்குக் கிடைத்த சோற்றின் அளவே மாறியது. நான் மிகைப்படுத்தவில்லை. கீழே படியுங்கள்.

முதல் கண்ணாடி: பொருளாதாரம்

ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' வெளிவந்தது 1776இல். தாது வருஷத்துக்குச் சரியாக நூறு ஆண்டு முன்னால். தானிய வியாபாரத்தில் அரசாங்கம் தலையிடுவதுதான் தட்டுப்பாட்டைப் பஞ்சமாக்குகிறது என்று அதில் வாதிட்டார். வியாபாரியை அவன் போக்கில் விட்டால், விலை ஏறும் இடத்துக்குத் தானியம் தானாகவே போய்ச் சேரும் என்பது கணக்கு.

அடுத்து மால்தஸ். மக்கள்தொகை உணவைவிட வேகமாகப் பெருகும், பஞ்சமும் நோயும்தான் அதைக் கட்டுக்குள் வைக்கும் என்று 1798இல் எழுதியவர். இவர் 1805 முதல் இறக்கும்வரை எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? இந்தியாவுக்கு வரப்போகும் அதிகாரிகளுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய ஹெய்லிபரி கல்லூரியில்! இங்கிலாந்தில் ஒரு வகுப்பறையில் சொல்லிக்கொடுத்த பாடம், கப்பலேறி நம்மூர்க் கச்சேரிகளுக்கு வந்து சேர்ந்தது.

இந்தக் கல்லூரியில் பிற்பாடு படித்தவர்தான் சர் ரிச்சர்ட் டெம்பிள். இவர் கதை விசித்திரமானது. 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, அதைச் சமாளித்தவர் இவர்தான். பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துத் தாராளமாகக் கொடுத்தார். மிகச் சிலரே இறந்தார்கள். பாராட்டு கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? கிடைத்தது திட்டுதான். அரசாங்கப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று பத்திரிகைகளும் மேலிடமும் கண்டித்தன.

அதே டெம்பிளை 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் சென்னைக்கு அனுப்பினார். இம்முறை கட்டளை, செலவைக் குறைக்க வேண்டும் என்பது. சூடுபட்ட பூனை என்ன செய்யும்? நிவாரண வேலையில் இருந்த ஆணுக்கு ஒருநாள் கூலி, ஒரு ராத்தல் தானியம் வாங்கும் காசும் மேலே ஒரு அணாவும் என்று நிர்ணயித்தார். வரலாற்றில் 'டெம்பிள் கூலி' என்றே இதற்குப் பெயர்.

ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். அரிசியாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 1,600 கலோரி. நாள் முழுக்க வெயிலில் மண் வெட்டிச் சுமக்கிற ஆளுக்கு இதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். அந்த ஒரு அணாவில்தான் பருப்பு, உப்பு, விறகு எல்லாம்.

கவனியுங்கள், பீகாரில் உயிர்களைக் காப்பாற்றியவரும் இவர்தான், சென்னையில் கூலியைக் குறைத்தவரும் இவர்தான். ஆள் மாறவில்லை. கண்ணாடியை மாற்றிவிட்டார்கள்.

இரண்டாவது கண்ணாடி: அறிவியல்

டெம்பிளை எதிர்த்தவர் ஒரு மருத்துவர். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சிறைக் கைதிகளுக்கு எவ்வளவு உணவு தேவை என்றெல்லாம் பல ஆண்டு முன்பே ஆராய்ந்து அறிக்கை எழுதியவர். "ஒரு ராத்தல் போதாது, குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியமும், அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும், இல்லையென்றால் உடம்பு கரைந்து சாவார்கள்" என்பது அவர் வாதத்தின் சாரம். டெம்பிளுக்கும் அவருக்கும் எழுத்தில் பெரிய சண்டையே நடந்தது. சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் போனார்களோ.

இங்கே அறிவியல் ஏழையின் பக்கம் நின்றது. ஆனால் எப்போதும் அப்படி இல்லை. அதே 1877இல் வேறொரு அறிவியல் விவாதமும் சூடாக நடந்தது: பஞ்சத்துக்குக் காரணம் சூரியனா? சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். புள்ளிகள் குறையும்போது சென்னையில் மழையும் குறைகிறது என்று டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் பழைய மழைக் கணக்குகளை வைத்து எழுதினார். வானியலாளர் லாக்யரும் அவரோடு சேர்ந்துகொண்டார். பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். சூரியப் புள்ளியால் இந்தியாவில் விளைச்சல் கெடும், இந்தியன் துணி வாங்க மாட்டான், அதனால் லண்டனில் வியாபார நெருக்கடி வரும் என்றார்!

சிரிக்காதீர்கள். இவர்கள் முட்டாள்கள் அல்ல. உண்மையான தரவுகளோடுதான் முயன்றார்கள். ஆனால் இந்தக் கண்ணாடியை மட்டும் போட்டுக்கொண்டால் ஒரு வசதி உண்டு. குற்றவாளி ஒன்பது கோடி மைல் தள்ளி இருக்கிறார், சென்னையிலோ கல்கத்தாவிலோ யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சரியான விடை பிறகு வந்தது. 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்க வந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் பெருங்கடலின் இரு பக்கத்திலும் காற்றழுத்தம் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தார். 1969இல் பியர்க்னெஸ் அதை எல் நினோவோடு இணைத்து விளக்கினார். 1876-78இல் நடந்தது மிகக் கடுமையான எல் நினோக்களில் ஒன்று என்பது இன்றைய முடிவு. ஆக, மழை ஏன் பெய்யவில்லை என்பதற்கு அறிவியல் பதில் சொல்லிவிட்டது. ஆனால் மழை இல்லாவிட்டால் மனிதன் சாகத்தான் வேண்டுமா? அது வேறு கேள்வி.

மூன்றாவது கண்ணாடி: இலக்கியம்

"இலக்கியம் வந்தால் இரக்கம் வந்துவிடும்" என்றாள் தமிழ் படிக்கும் தோழி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏனென்றால் வைஸ்ராய் லிட்டனே ஒரு கவிஞர்! 'ஓவன் மெரிடித்' என்ற புனைபெயரில் கவிதைப் புத்தகங்கள் போட்டவர். அப்பா புகழ்பெற்ற நாவலாசிரியர். அந்தக் கவிஞர்தான், தெற்கே ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி 1ஆம் தேதி தில்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்தார்.

ஆனால் தோழி விடவில்லை. வில்லியப்ப பிள்ளை எழுதி 1899இல் அச்சான 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' என்ற நூலைப் பற்றிச் சொன்னாள். பஞ்சத்தில் தவிக்கும் ஜனங்கள் மதுரைச் சொக்கநாதரிடம் போய் முறையிடுகிறார்கள். அவரோ, என்னால் ஆகாதப்பா என்று கைவிரித்துவிட்டு, சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடவுளே சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டிய நிலைமை என்றால் அந்தப் பசி எப்படி இருந்திருக்கும்? மாகாணத்தில் இத்தனை லட்சம் பேர் என்கிற அறிக்கை எனக்குக் காட்டாத ஒன்றை இந்தக் கேலி காட்டிவிட்டது. யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாத ஒரு கூட்டம் கண்முன் நிற்கிறது.

பத்திரிகை எழுத்தும் சும்மா இருக்கவில்லை. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி 1878இல் பஞ்சத்தைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். டெம்பிள்-கார்னிஷ் சண்டையெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. எழுதி வைக்காமல் போயிருந்தால் இன்று நமக்கு எதுவும் தெரிந்திருக்காது.

மறுபடியும் பொருளாதாரம்

இதைப் படித்துவிட்டுப் பொருளாதாரமே பாவம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பொருளாதார நண்பன் என்னிடம் சண்டைக்கு வந்துவிடுவான். 1876இலேயே தாதாபாய் நௌரோஜி இந்தியாவின் வறுமையைப் பற்றி ஆய்வுரை வாசித்து, இங்கிருந்து செல்வம் வெளியே வடிவதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். அரசாங்கம் அமைத்த பஞ்சக் கமிஷனும் 1880இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. பஞ்ச காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற விதிமுறைகள் அதிலிருந்துதான் பிறந்தன.

ஒன்பது வயதில் வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த அமர்த்தியா சென், 1981இல் ஒரு புத்தகம் எழுதினார். உணவு இல்லாததால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, இருக்கிற உணவை வாங்க வழியில்லாமல் போவதாலும் வருகிறது என்று காட்டினார். தாது வருஷத்தையும் இந்தக் கண்ணால் பாருங்கள். ரயில் இருந்தது. தானியம் வந்து இறங்கியது. 1877-78இல் இந்தியாவிலிருந்து சுமார் 3 லட்சம் டன் கோதுமை ஏற்றுமதிகூட ஆனது. வேலையிழந்த விவசாயக் கூலியின் கையில்தான் காசு இல்லை. விலை ஏறும் இடத்துக்குத் தானியம் வரும் என்ற கணக்கு சரிதான். காசில்லாதவன் வாய்க்கு அது வராது என்பது அந்தக் கணக்கில் இல்லை.

பிளஸ் ஒன் சேரும்போதே நம்மை அறிவியல், வணிகவியல், கலை என்று பிரித்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து ஆளுக்கொரு கண்ணாடி. எதையும் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் நம் கண்ணாடியில் தெரியாமல் போவது யார் என்று பக்கத்துத் துறைக்காரனிடம் ஒருமுறை கேட்டுவிட்டால் நல்லது. 1877இல் டெம்பிள் கார்னிஷிடம் கேட்டிருந்தால் அரை ராத்தல் கூடியிருக்கும். அரை ராத்தல் என்பது அன்று சின்ன விஷயம் இல்லை.

இப்போதும் அதே ரயிலில்தான் போய் வருகிறோம். கால்வாய் நாறத்தான் செய்கிறது. ஆனால் இயற்பியல் நண்பன் அதைச் சாக்கடை என்று சொல்வதை விட்டுவிட்டான்.