முகமும் ரேகையும்

மைசூர் அரண்மனையின் கல்யாண மண்டபத்தில் நிற்கும்போது, கூட வந்த நண்பர் கேட்டார்: "எங்க தாத்தா இதுல எங்க நிக்கிறாரு, சொல்லு பாப்போம்." அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். தாத்தா வடாற்காட்டிலிருந்து சுரங்கத்துக்குப் போன தலித். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சுவரைச் சுற்றி 26 ஓவியங்கள். 1930களின் தசரா ஊர்வலம். அரண்மனை வாசலைவிட்டு யானை, குதிரை, வாத்தியம், படை எல்லாம் வெளியே வருகின்றன. பொன் அம்பாரியில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். மைசூர் ஓவியர்கள் புகைப்படங்களை வைத்துக்கொண்டு வரைந்தவை இவை. ஆகவே பிரமுகர்களின் முகங்களெல்லாம் அடையாளம் காணத்தக்க உருவச்சித்திரங்கள். இன்னார் இன்னார் என்று விரல் நீட்டிச் சொல்லலாம். ஊர்வலத்தின் இந்தப் பிரதிக்குள் பெயர் உள்ளவனுக்கு முகம் இருக்கிறது. மற்றவர்கள் தலைப்பாகைகளாக, வேடிக்கை பார்க்கும் வரிசையாக, பின்னணி நிறமாக ஆகிவிடுகிறார்கள்.

(கட்டடமும் இப்படித்தான். மர அரண்மனை 1897இல் எரிந்தபின் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912இல் முடிந்தது. நம்ம சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தில் கைவைத்த அதே இர்வின்தான். மண்டபத்தின் இரும்புத் தூண்கள் கிளாஸ்கோவில் வார்த்தவை. 'பாரம்பரியம்' என்று நாம் வாய்பிளக்கும் இடம் இது.)

இதே மைசூர் சமஸ்தானத்தில், 1930 ஏப்ரலில், கோலார் சுரங்கத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் தமிழ்பேசும் தலித்துகள். நிர்வாகம் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி. காரணம், கூலி மட்டுமல்ல. தொழிலாளிகளைக் கைரேகை பிடித்துப் பதிவுசெய்யும் ஏற்பாடு. தங்கம் திருடுபவன் என்று முதலிலேயே முடிவுகட்டிய ஒரு கண் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணுக்கு முகம் தேவைப்படவில்லை, விரல்நுனி போதும்.

ஒரே பத்தாண்டு, ஒரே ராஜ்யம். ஒருவனை அரசு தூரிகையால் பதிவுசெய்கிறது, இன்னொருவனை மையால். இரண்டும் அடையாளம் காணும் தொழில்நுட்பங்கள்தான். முன்னது சுவருக்குப் போகிறது, பின்னது கோப்புக்கு. இதை உடையாரின் தனிப்பட்ட கொடுமையாக நான் சொல்லவில்லை. அவர் நல்ல ராஜா என்று பேர் எடுத்தவர், அது பொய்யுமல்ல. ஆனால் அந்த நல்ல ராஜ்யத்தின் கஜானாவுக்குத் தங்கத்தின் உரிமைத்தொகை போய்க்கொண்டிருந்தது. சிவசமுத்திரத்து மின்சாரம் 1902இல் முதலில் ஓடியதும் கோலாருக்குத்தான், ஜனங்களின் வீட்டுக்கல்ல. ஊர்வலத்தின் பளபளப்பை இந்தக் கணக்கிலிருந்து பிரித்து, வெறும் கலையாக ரசிக்கச் சொல்லும் விமர்சனம் யாருக்குக் கூலிவேலை செய்கிறது?

மன்னர் மானியம் 1971இல் ஒழிந்தது. அதற்குப்பின் அம்பாரியில் சாமுண்டி போகிறாள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. நண்பர் இன்னொரு சுற்று சுற்றிவந்து, ஓர் ஓவியத்தின் ஓரத்தில் முகம் தெளியாமல் நின்ற ஒருவனைக் காட்டினார்.

"இவருன்னு வச்சுக்குவோம்" என்றார்.